வினிகர் வாசனை

எங்கள் சலவைக்கூடத்தில் வாயால் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. துணியை வைத்துக்கொண்டு பொய் சொல்லித் தப்பித்தவர் ஒருவரும் இல்லை. காரணம் ரோலர்காரரின் மனைவி. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு, விடுதித் துண்டு என்று காலையில் வந்து இறங்கும் மூட்டைகளை அவிழ்த்து, எது எந்தத் தொட்டிக்கு என்று பிரிப்பது அவள் வேலை. ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர். எண்ணெய் என்றால் சோடா போட்ட வெந்நீர். வாடை பிடித்த துணி எதுவானாலும், சென்டோ சிகரெட்டோ மூத்திரமோ, வினிகர் தொட்டி. விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பாள். என்ன கறை, எத்தனை நாள் கறை, யாராவது அவசரமாகத் துடைக்கப் பார்த்தார்களா என்று சொல்லிவிட்டு, ஒரு சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்துவாள். சட்டைக் காலர் முழுக்கக் குண்டூசிகள். நாங்கள் வைத்த பெயர் போலீஸ்காரி.

அவள் புருஷன் ரோலரில் நிற்கிறவர். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, கொதிக்கிற உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது அப்பளமாக வந்து விழும். மடித்து அடுக்குவது நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவருக்கு நின்றபடி வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வினையே அந்த இடுப்பில்தான் வந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். ஓட்டல் விரிப்பு எல்லாம் சேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போலீஸ்காரி என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். எதையும் என்னிடம்தான் சொல்லுவாள்.

"அக்கா, இடுப்பு வலின்னா படுத்தா குறையுமா, நின்னா குறையுமா?"

"இதென்ன கேள்வி. படுத்தாதான்."

"எங்க வீட்டுக்காரருக்கு நின்னா குறையுதாம். படுத்தாத்தான் உசுரு போகுதாம்."

"யாரு சொன்னா?"

"அவரேதான். கிளினிக் டாக்டர் ஒரு வாரம் நல்லா படுத்து ஓய்வெடுன்னாரு. ரெண்டு நாள் படுத்தாரு. மூணாம் நாள் எந்திரிச்சு நடந்துக்கிட்டே இருக்காரு. தூங்கறதுகூட நாற்காலியில, மேஜை மேல தலைய வச்சுக்கிட்டு."

"வேலைக்குப் பயந்து படுத்துக்கறவனைப் பாத்திருக்கேன். படுக்கைக்குப் பயந்து எந்திரிச்சு ஓடறவனை இப்பதான் கேள்விப்படறேன்" என்றேன்.

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"இன்னொண்ணு இருக்குக்கா. இப்பல்லாம் அவரு துணிய அவரே தொவைக்கிறாரு."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டை அலசாத மனிதர். எலி அம்மணமாக ஓடினால் சும்மா ஓடாது என்பார்கள்.

மறுநாள் ஒரு பேன்ட்டைப் பைக்குள் சுருட்டி எடுத்து வந்தாள். மடிப்பு மேஜையில் விரித்து, பின்பக்கம், முன்பக்கம், தையல் ஓரம் என்று தடவிப் பார்த்தாள்.

"ஒரு கறை இல்லக்கா. அதான் பயமா இருக்கு. நாள் பூரா போட்டுக்கிட்டு இருந்த துணியில ஒண்ணுமே இல்லாம எப்படி இருக்கும்? மோந்து பாருங்க."

மோந்தேன். வினிகர்.

"சென்ட் வாசனை போகத்தானே நாம இதைப் போடறோம்" என்றேன்.

சொன்னது நான்தான். மூத்திரத்துக்கும் அதுதான் போடுகிறோம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தினம் நூறு விரிப்பு அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது. ஆனால் புருஷன் துணியைத் திருட்டுத்தனமாகத் துவைக்கிறான் என்றால், எங்கள் புத்தி சென்டைத்தான் எடுத்தது. என் வாயில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு அவள் வீட்டிலும் போலீஸ்காரியாகவே இருந்தாள். அவர் கழிவறைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பாள். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்குமாம், ஆள் வெளியே வர நேரமாகுமாம். "யார்கிட்டயோ போன்ல பேசறாரு, சத்தம் கேக்கக்கூடாதுன்னு குழாயத் தெறந்து விடறாரு" என்றாள். போனை வெளியே மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் அவர் போகிறார் என்பதையும் அவளேதான் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மூட்டை பிரிக்கிறவர்கள் பாக்கெட்டைத் துழாவாமல் ஒரு துணியைத் தண்ணீரில் போட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு அகப்பட்டது. "செவ்வாய் பத்து மணி. மறக்காம வந்துடுங்க." கீழே ஒரு போன் நம்பர். குண்டு குண்டாக, அழகான பெண் எழுத்து.

"டாக்டர் வீட்டுச் சீட்டா இருக்குமோ" என்று நானே கேட்டேன், நியாயத்துக்கு.

"டாக்டர் எழுத்து என்னைக்குக்கா நமக்குப் புரிஞ்சிருக்கு?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார் என்றேன். "அவ குரலைக் கேட்டா நான் தாங்கமாட்டேன்" என்றாள். கொதிகலன் அறைக்குப் போய், அடுப்புக் கதவைத் திறந்து, சீட்டை நெருப்பில் போட்டுவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் எல்லாப் பாக்கெட்டையும் தேடினாராம், கட்டிலுக்கு அடியில் தேடினாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். பேசாமல் வேலைக்கு வந்து ரோலரில் நின்றார்.

"குத்தம் இல்லாதவன்னா கேட்டிருப்பான்ல?" என்றாள் என்னிடம்.

நான் தலையாட்டினேன். ஆட்டிய தலையை இப்போது எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுத்தது அவள் அண்ணன். எங்கள் கூடத்து வாசலில் வாட்ச்மேன். வருகிற போகிற பையை எல்லாம் திறந்து பார்த்தே பழகின கை. தங்கை கண்ணைக் கசக்கியதும், மாப்பிள்ளையின் வார விடுமுறையில் அவர் பின்னாலேயே பஸ் ஏறிப் போனான். இரண்டு மணி நேரம் கழித்து நனைந்த கோழியாக வந்து நின்றான்.

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு மருந்துக்கடை" என்றான். "நம்ம தெருவுலயே மூணு கடை இருக்கு. அவ்வளவு தூரம் ஏன் போகணும்? ஆளுங்க போற வரைக்கும் ஓரமா நின்னான். அப்புறம் உள்ள போயி ஒரு பொட்டலம் வாங்கினான், பேப்பர் சுத்தி. நான் கடைக்காரப் பொண்ணுகிட்ட கேட்டேன், இப்ப போனாரே, என்ன வாங்கினாருன்னு. சொல்லமாட்டேன்னுச்சு. அலமாரியில ஒரு எடம் காலியா இருந்துச்சு, அங்க பாத்தேன்."

"என்ன?"

அவன் என்னைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"பொம்பளைங்க மாசத்துக்கு வாங்குவாங்கள்ல. அது."

"எனக்கு யாரும் வாங்கிட்டு வரல" என்றாள் அவள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள்.

அன்று மதியமே பஞ்சாயத்து. அவர்கள் வீட்டு முன்னறை, ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. தகரக் கூரையில் மழை. மேஜையில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. என்னையும் சாட்சிக்கு என்று கூப்பிட்டாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அடுத்த வீட்டு விவகாரம் என்றால் என் காலுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வந்ததும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். வலது பாதத்தைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைத்தார். அதைக்கூட நான் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"மாப்ள, நேரா கேக்கறேன்" என்றான் அண்ணன். "யாரு அது?"

"எது யாரு மச்சான்?"

"இன்னைக்கு வாங்கின பொட்டலம் யாருக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. திருட்டு வெளியான முகம் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன். மானம் போன முகமும் அதேமாதிரிதான் இருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது.

"அதை விடுங்க மச்சான்."

"விடறதுக்கா மழையில அலைஞ்சேன்? என் தங்கச்சி மொகத்தைப் பாத்துச் சொல்லு."

"சொல்ற மாதிரி விசயம் இல்ல."

"சொல்ற மாதிரி இல்லாத விசயத்தை எதுக்குச் செய்யறே?"

"நான் ஒண்ணும் செய்யல மச்சான். எனக்கு இடுப்புல வலி. படுத்தா வலிக்குது."

"இதையே எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க?" என்று அவள் உள்ளே புகுந்தாள். "படுத்தா வலி, நின்னா சுகம். இப்படி ஒரு வலி யாருக்காவது உண்டா? கேட்டவங்க எல்லாரும் சிரிக்கறாங்க. அக்காவைக் கேளுங்க, சிரிச்சாங்களா இல்லையா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"சரி, படு" என்றான் அண்ணன். "எங்க கண்ணு முன்னாடி கட்டில்ல படு. வலிக்குதா இல்லையான்னு பாத்துடுவோம்."

பெரிய மனுஷன் செய்கிற காரியமா அது? ஆனால் யாரும் தடுக்கவில்லை. அவரும் கட்டிலை நோக்கித் திரும்பினார். திரும்பியதும் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லுங்க."

அவர் நின்றார். பழுப்பு நிறப் பேன்ட். உட்காரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம், ஓரம் மஞ்சளாகக் காய்ந்து, நடுவில் லேசான சிவப்பு. மழை ஈரம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது தீக்காயத் தண்ணி" என்றாள். "கொப்புளம் உடைஞ்ச தண்ணி. தீக்காய வார்டு விரிப்புல வர்றது. எங்க சுட்டுக்கிட்டீங்க?"

"சுடவே இல்லையே."

"நேத்து வேலையில டீ குடிக்க எங்க உக்காந்தீங்க?"

"எப்பவும் உக்கார்ற எடத்துலதான். நீராவிக் குழாய் மேல."

அந்தக் குழாய்மேல் ஒரு பலகை கிடக்கும், மழைக்கு இதமாக எல்லாரும் அதில்தான் உட்காருவோம். முந்தின நாள் காலையில்தான் பலகை உடைந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். வெறும் குழாயில் தெரியாமல் கை வைத்தவள் ஒருத்தி கையை உதறிக்கொண்டு ஓடினாள். அதே குழாய்மேல் இந்த மனிதர் உட்கார்ந்து, ஆற அமர ஒரு டீ குடித்திருக்கிறார்.

அவள் காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவினாள். "அண்ணே, அந்தப் பக்கம் திரும்பு. அக்கா, நீங்களும்" என்றாள். திரும்பிக்கொண்டோம். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க குத்தறேன். தெரியுதா?"

"எங்க?"

"இங்க?"

"நீ இன்னும் குத்தவே இல்லையே."

பிறகு அவள் குரல் உடைந்து வந்தது.

"அந்தப் பொட்டலம் உங்களுக்கா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம் இருக்கும். வந்ததே தெரியமாட்டேங்குது. வரணும்னு நின்னா வரமாட்டேங்குது. குழாயத் தெறந்து விட்டா, அந்தச் சத்தத்துல கொஞ்சம் வரும்." மூச்சு வாங்கினார். "ஊர் மூத்திரத்தை எல்லாம் நீ பிரிக்கிறே. வீட்டுக்கு வந்து என்னுதையும் நீ பாக்கணுமா?"

அண்ணன் திரும்பியபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதான். வாட்ச்மேன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்த மழையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். படம் எடுக்கிற குழாய்க்குள் அவர் அரை மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்ததாக நர்ஸ் சொன்னாள். டாக்டர் நரைத்த தலை, நிதானமான ஆள். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, விரலால் காட்டினார்.

"முதுகுத்தண்டுக்குள்ள போற நரம்புக் கயிறு இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடும்மா. அதுக்குக் கீழ நரம்பெல்லாம் நூல் நூலா பிரிஞ்சு தொங்கும். குதிரைவால்னே சொல்லுவோம். காலுக்குப் போறது, மூத்திரப் பைக்குப் போறது, உக்கார்ற எடத்துக்குப் போறது எல்லாம் அந்த நூல்தான். அதுக்கு நடுவுல இந்தா, விரல் நீளத்துக்கு ஒரு கட்டி. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல இது எட்டாவதோ ஒன்பதாவதோ."

"படுத்தா வலிக்குதுன்னாரு டாக்டர். நாங்க நம்பல" என்றாள்.

"கிளினிக்ல இருக்கறவங்களே நம்பமாட்டாங்க. ஆனா இந்தக் கட்டியோட கொணமே அதுதான். படுத்தா வலி, நின்னா கொறையும்." காகிதத்தை எடுத்துக்கொண்டார். "மூத்திரம் அடைக்க ஆரம்பிச்சு அஞ்சு வாரம். முன்னாடியே படம் எடுக்க யாரும் சொல்லலையா?"

"ரெண்டாவது தடவை போனப்ப அதே கிளினிக்ல சொன்னாங்க" என்றார் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவர். "படம் எடுக்கற எடத்துல இருந்த பொண்ணு நாளு எழுதிக் குடுத்துச்சு. சீட்டை நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன்."

"திரும்பப் போய்க் கேக்கலாமே?"

"பயம் சார். சீட்டு தொலைஞ்சதும் ஒரு வகையில நல்லதுன்னு விட்டுட்டேன்."

"அவரு தொலைக்கல" என்றாள் அவள். "நான் எடுத்துக் கொதிகலன்ல போட்டேன். பொம்பள எழுத்தா இருந்துச்சு. மூணு வாரம் ஆச்சு."

டாக்டர் பேனாவை வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு வாரத்துல எவ்வளவு கெட்டுச்சுன்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில எடுத்துடறேன். நடக்க வைக்க முடியும்னு நெனைக்கறேன். மூத்திரக் கட்டுப்பாடு திரும்புமாங்கறதுதான் கேள்வி. அதுக்கு மட்டும் நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

ஆறு மணி நேரம் ஆயிற்று. கட்டி முழுசாக வந்துவிட்டது. மெதுவாக வளர்கிற ஜாதி, பரவுகிற கொடியது இல்லை, வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். தலையணையில் கன்னம் அழுந்த, வாயைத் திறந்துகொண்டு, பட்டப்பகலில் குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு அவள் ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் மூத்திரக் குழாயை எடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் போகிறபோதெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். "எல்லாம் சரியாயிடுச்சு. தானா வருது, நிக்குது. விரிப்புகூட மாத்தல." அவள் "அப்படியா" என்பாள். பையிலிருந்து ஊசியும் பச்சை நூலும் எடுத்து, பேசிக்கொண்டே விரிப்பின் மூலையில் ஒரு தையல் போட்டுவிட்டு வருவாள். அந்த ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் எங்கள் கூடத்துக்குத்தான் வருகிறது. நம்பிக் கெட்டவள்கூட இத்தனை சந்தேகப்படமாட்டாள், நம்பாமல் கெட்டவள் படுகிறாளே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒரு நாள் விட்டு மூட்டை வந்தது. பச்சை நூல் போட்ட விரிப்பைக் கண்டுபிடித்துத் தூக்கிப் பார்த்தாள். நான் மடிப்பு மேஜையிலிருந்தே பார்த்தேன். நனைந்து காய்ந்த வட்டம். கையுறை போட்ட கையால் சாண் வைத்து அளந்தாள். நாலு சாண். சீட்டை எடுத்து எழுதிக் குத்தினாள். அருகே போய்ப் பார்த்தேன். "டீ" என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, உன் கண்ணுக்கு இது டீயா?"

"ஆமாக்கா" என்றாள். அந்த ஒரு விரிப்பை மட்டும் தானே எடுத்துப் போய் வினிகர் தொட்டியில் முக்கினாள்.

பத்து நாள் இப்படியே போயிற்று. ஒவ்வொரு பச்சை நூலுக்கும் ஒரு டீ. கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பதினோராம் நாள் அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து காட்டிவிட்டு, வியர்த்துப்போய்ப் படுத்தார். சூப் கொடுத்தோம். குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"விரிப்பு வந்துச்சா?"

அவள் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீ நூல் போடறதை நான் பாக்கலைன்னு நெனச்சியா? என்ன கறை இருந்துச்சு?"

"டீக் கறை."

"இங்க எனக்கு டீயே குடுக்கறதில்ல."

"குடுக்காட்டி என்ன" என்றாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, குரல் மட்டும் ஆடவில்லை. "மொத நாளு நாலு சாண் டீ. போன வாரம் மூணு. இன்னைக்கு வந்தது ஒண்ணரை. நான் ரெண்டு தடவை அளந்து பாத்தேன்."

அவர் மல்லாந்துதான் கிடந்தார். பிறகு கையை நீட்டி, தன் தலைமாட்டு விரிப்பின் மூலையை இழுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப இன்னைக்கும் ஒரு தையல் போட்டுட்டுப் போ."